எலிக்கடி

ஹம்ஸ்டர் எலியை ஒருபோதும் மேலிருந்து தூக்கக் கூடாது. மேலிருந்து வருகிற எதுவும் அதற்குப் பருந்துதான். இரண்டு கையையும் சேர்த்து, தண்ணீர் அள்ளுவது மாதிரி, கீழிருந்துதான் அள்ள வேண்டும். அதுவும் நிலத்தில் உட்கார்ந்துகொண்டு. அப்போதுதான் தவறி விழுந்தாலும் மடியில் விழும். வவுனியாவில் தொட்டிமீன் விற்கிற கடையில் அதை வாங்கியபோது கடைக்காரர் இதையெல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். ஒருவர் ஒன்றைச் சொன்னால் ஒழுங்காகக் கேட்டுக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு.

ஐயா, என் தங்கையின் மகள் கஜனி எப்படிச் செத்தாள் என்பதுதான் உங்கள் விசாரணை. கொழும்பிலிருந்து வந்த பரிசோதனை முடிவில் விசர்நாய்க்கடி நோய் என்று போட்டிருக்கிறது. நாயே கடிக்காத எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று என் தங்கை சுமித்திராவைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்குத் தெரியாது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும். நான் எலியிலிருந்து தொடங்குகிறேன், அப்படிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் இராசேஸ்வரி. வயது ஐம்பத்துநான்கு. துணுக்காய்ப் பக்கம் காட்டோரமாக ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியில் கச்சான் கடலை போடுகிறேன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஏழு வயது. சுமித்திரா இங்கே வந்து பிறந்தவள். கடைசிச் சண்டையில் என் கணவரும் மகனும் போனார்கள். அதை நீங்கள் எழுத வேண்டாம், அதைக் காட்டி இரக்கம் கேட்க நான் வரவில்லை. முகாமிலிருந்து தனியே திரும்பி வந்து, தங்கையின் வளவுக்குப் பக்கத்து வளவில் ஒரு வீடு போட்டுக்கொண்டேன்.

அவள் தையல் தொழிற்சாலைக்குப் போகிறவள். காலை ஆறு மணிக்குக் கம்பனி பஸ் வந்து ஏற்றும், இருட்டுகிற நேரம் கொண்டுவந்து இறக்கும். அவள் புருஷன் பிரதீபன் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு நேரே என் வீட்டுக்குத்தான் வருவாள். மூன்று வயதிலிருந்து அவளுக்குச் சோறு தீத்தியது நான், தலையில் பேன் பார்த்தது நான், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது நான். பெற்றவள் ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா. மற்ற ஆறு நாளும் அம்மா யார் என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரு நாயும் இருந்தது. அதற்கு முன்பு மணி என்று ஒன்றை வளர்த்தேன். அது பிரதீபனின் முட்டைக்கோழி ஒன்றைப் பிடித்துவிட்டது. அவன் கேட்டுக்கேள்வி இல்லாமல் உலக்கையால் அடித்துக் கொன்று, சாக்கில் கட்டிக் காட்டுக்குள் எறிந்துவிட்டு வந்தான். நான் கேட்டதற்கு, "நாய்தானே அக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்தச் சொல் இன்னும் என் வயிற்றுக்குள் கிடக்கிறது. அதற்குப் பிறகு வந்தது கறுவல். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு கச்சான் செடி மிஞ்சாது, கறுவல் நின்ற ஐந்து வருடமும் என் காணியில் ஒரு பன்றி கால் வைக்கவில்லை. என் கையால் வைத்தால்தான் சாப்பிடும். வேறு யாரும் கிட்டப் போக நான் விட்டதும் இல்லை.

கஜனி அதன் பின்னால் திரியத் தொடங்கினாள். மிச்சச் சோறு கொண்டுபோவாள், பக்கத்தில் குந்தியிருந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அதற்குச் சொல்வாள். எனக்குப் பிடிக்கவில்லை. மறைத்து என்ன பயன், பொறாமைதான். பிள்ளை நாயோடு சேர்வதும் பிடிக்கவில்லை, நாய் பிள்ளையோடு சேர்வதும் பிடிக்கவில்லை. அதனால்தான் எலியை வாங்கினேன். பெரியம்மாவுக்குப் பிள்ளை மேல் எவ்வளவு பாசம் என்று அயலில் கதைத்தார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை பொதுநோக்கு மண்டபத்தில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுவார்கள். எங்கள் பக்கத்தில் பன்றிக்காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்கிறவர்கள் ஒரு கதை சொல்வார்கள், ஊசி போட்ட நாய்க்கு அந்தப் போகம் முழுக்க மோப்பம் இருக்காதென்று. அது வெறும் கதை என்று பிறகு அறிந்தேன். அந்த நேரம் கச்சான் விதைக்கிற காலம், எனக்குக் காணிதான் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கறுவலைக் கொண்டுபோகவில்லை. "கறுவலுக்கு ஊசி போட்டாச்சோ அக்கா? பிள்ளை முழுநாளும் அங்கதான் நிக்கிறவள்" என்று சுமித்திரா வந்து கேட்டாள். நான் மணியின் பழைய அட்டையை எடுத்துக் காட்டினேன். கறுப்பு, ஆண் என்று அதில் இருந்தது. கறுவலும் கறுப்பு, ஆண்தான். திகதியை அவள் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவள், ஆனால் அக்கா காட்டுகிற கடதாசியை வாசித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

எலிக்குக் கஜனி பஞ்சு என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்தால் போதுமா, சோறு வைக்க வேண்டாமா என்று நான் பகிடி பண்ணுவேன். எங்கள் வெயில் அதற்கு ஒத்துவராது, ஆகவே கூட்டைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வைத்தோம். அடியில் மரத்தூள் போட்டோம். முதல் நான்கு நாள் தொடக் கூடாது என்றேன், அவள் தொடவில்லை. பகலில் தூங்கும்போது எழுப்பக் கூடாது என்றேன், எழுப்பவில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், சாப்பாட்டு மணம் இருந்தால் விரலையே தின்னப் பார்க்கும். பிறகு உள்ளங்கையில் ஒரு கச்சான் பருப்பை வைத்துக் கூட்டுக்குள் நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அதுவாக வரட்டும், நீ போகாதே. அரை மணித்தியாலம் என்றாலும் அவள் மரம் மாதிரி இருப்பாள். அவ்வளவு பொறுமையான பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் அது விரலைக் கடித்தது. சின்னக் கடிதான், ஒரு பொட்டு இரத்தம். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நான் இரண்டு விடயம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று, கடித்தாலும் கையை இழுக்கக் கூடாது. இழுத்தால், கடித்தால் கை போய்விடும் என்று அது பழகிவிடும், பிறகு எப்போதும் கடிக்கும். மற்றது, இதை அம்மாவுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் எலியைத் தூக்கி எறிந்துவிடுவாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை கடித்தது. அவள் கையையும் இழுக்கவில்லை, தாய்க்கும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் பஞ்சு அவள் கைக்குள்ளேயே சுருண்டு தூங்கியது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கார்த்திகை விளக்கீடு முடிந்த அடுத்த கிழமை. கறுவல் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் பாய்ந்து கடித்தது. குளவி ஏதும் கொட்டியிருக்கும் என்று நினைத்தேன். பின்னேரம் நான் கச்சானுக்குள் புல் பிடுங்கிக்கொண்டு நின்றேன். கஜனி முற்றத்தில், கறுவலுக்கு முன்னால், சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் ரொட்டித் துண்டு. கை நிலத்தோடு தாழ்ந்திருந்தது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே எல்லாம் செய்துகொண்டிருந்தாள்.

நான் இருபது அடி தூரத்தில் நின்றேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் அவள் எழும்பி வந்திருப்பாள். போடவில்லை. அது அவள் கையிலிருந்து வாங்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், வாங்காமல் திரும்பிப் போவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கறுவல் ரொட்டியை மணக்கவே இல்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருக்கிற சதையில் ஒரு பல்லை இறக்கிவிட்டு விறகுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. நான் ஓடிப் போனபோதும் அவள் கை நீட்டியபடிதான் இருந்தது. கண் நிறையத் தண்ணீர், ஆனால் அழவில்லை.

"நான் கையை இழுக்கேல்லை பெரியம்மா" என்றாள்.

கெட்டிக்காரி என்றேன். வேறென்ன சொல்வது. கையைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினேன். பிறகு அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன், நாய் கடித்தது என்று தெரிந்தால் அப்பா கறுவலையும் மணியை அடித்த மாதிரி அடித்துவிடுவார், பஞ்சு கடித்தது என்று சொல்லு என்று. பஞ்சுவை அடிக்கமாட்டார்களா என்று கேட்டாள். அவ்வளவு சின்ன எலியை யார் அடிப்பார்கள் என்றேன். அவள் நம்பினாள்.

காயத்தைக் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை நான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது ஒரு இளம் டொக்டர் பிள்ளை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அவாவில் ஒரு பிழையும் இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். "எலி மட்டும்தானோ? நாய், பூனை ஒண்டும் கடிக்கேல்லையோ?" என்று பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்டா. பிள்ளை வாய் திறக்க முதல் நான் சொன்னேன்.

"இல்லை டொக்டர். வீட்டில கூட்டுக்குள்ள வளர்க்கிற எலிதான்."

காயத்துக்குப் போடுகிற ஏற்பு ஊசி ஒன்று போட்டு, மருந்து கட்டி அனுப்பினார்கள். துண்டில் எலிக்கடி என்று எழுதியிருந்தது.

இரவு பிரதீபன் எலியைக் கூட்டோடு கொண்டுபோய் வாய்க்காலுக்குள் அமிழ்த்திவிட்டு வந்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற சாதி அவன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எலிக்கு நீந்தத் தெரியும், அக்கரைக்குப் போயிருக்கும் என்று கஜனிக்குச் சொன்னேன். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அப்போதும் அவள் நாயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், எலி போன பிறகு அவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. என் நாயைக் காப்பாற்றுவதற்காகத் தன் எலியை விட்டுக்கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் கறுவல் செத்தது. கடைசி இரண்டு நாளும் வாயிலிருந்து நூல் நூலாக வடிந்தது. தொண்டைக்குள் ஏதோ இறுகினது போலச் சத்தம் போட்டது. தண்ணீர்ச் சட்டிக்குள் வாயை வைத்தாலும் ஒரு மிடறு விழுங்க முடியவில்லை. எனக்கு அப்போது விளங்கியது. காணி எல்லையில் ஆழமாக வெட்டித் தாட்டேன். பாம்பு கடித்துச் செத்தது என்று சொன்னேன். கஜனி அந்தக் குழிக்கு மேலே செவ்வரத்தம்பூ கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த நாள் விசகடிக்கு மருந்து கொடுக்கிற பரியாரியார் நல்லதம்பியிடம் போனேன். பூநகரிப் பக்கம் இருக்கிறார், என்னை அறியாதவர். பக்கத்து வீட்டுப் பிள்ளையை நாய் கடித்ததென்று சொன்னேன். நாய் செத்துப்போன விதத்தையும் மறைக்காமல் சொன்னேன். மனுஷன் வெற்றிலைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழும்பிவிட்டார்.

"இதுக்கு என்னட்டை மருந்தில்லை பிள்ளை. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு. வருத்தம் தொடங்க முந்தி ஊசி போட்டால் பிள்ளை தப்பும். தொடங்கினால் ஆராலும் ஏலாது."

நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் சுமித்திராவுக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். அன்றைக்கு அவள் வேலையால் களைத்து வந்தாள், சொல்லவில்லை. பிறகு திருவெம்பாவை தொடங்கியது, பிள்ளை கோயிலில் பாடுகிறாள், அது முடியட்டும் என்றிருந்தேன். வருடப் பிறப்பு வந்தது. பொங்கல் வரட்டும் என்றிருந்தேன். ஒவ்வொரு காலையும் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். நன்றாக ஆறிவிட்டது, ஒரு சின்னத் தழும்பு மட்டும். ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும்.

உண்மையைக் கேட்டால் சொல்கிறேன். சொன்னால் சுமித்திரா என்னை ஏசுவாள், அது பெரிதில்லை. பிரதீபன் கை நீட்டுவான், அதுவும் பெரிதில்லை. பிள்ளையை இனி என் வளவுக்குள் விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு அவள் வேறு யாருடைய வீட்டுக்கோ போவாள், வேறு யாரோ அவளுக்குச் சோறு போடுவார்கள். ஒரு தடவை எல்லாம் பறிகொடுத்தவளுக்குத்தான் அது விளங்கும். அவள் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்த நான்காம் நாள், கைக்குள் எறும்பு ஊர்கிறது என்று தழும்பைச் சொறிந்தாள். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கோப்பையைக் கண்டதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். அந்தத் தொண்டைச் சத்தத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று டொக்டர்மார் சுற்றி நின்றார்கள். நாய் கடித்ததா என்று சுமித்திராவைக் கேட்டார்கள். அவள் முருகன் மேல் சத்தியம் பண்ணினாள், எலி மட்டும்தான் என்று. பிள்ளைக்கு இடையிடையே தெளிவு வரும். அப்படி ஒரு நேரத்தில் பெரிய டொக்டர் குனிந்து, "உங்களை நாய் ஏதும் கடிச்சதோ அம்மா?" என்று கேட்டார்.

கஜனி அவரைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எலி" என்றாள்.

அதுதான் அவள் விளங்கக்கூடியதாகச் சொன்ன கடைசிச் சொல். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே அந்த ஒரு தடவையை என் மேல் போடாதீர்கள்.

செத்தவீடு முடிந்ததிலிருந்து சுமித்திரா தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த எலியை வளர்க்க விட்டது நான்தான், பிள்ளையைத் தின்றது நான்தான் என்று. இருபத்துமூன்று நாளாகப் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டேன். முதுகைத் தடவிவிட்டேன், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அப்படிச் சொல்லாதே, உன்னில் ஒரு பிழையும் இல்லை என்றேன். அது உண்மைதானே.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எப்படியும் ஒரு நாள் தேடிப் பிடிப்பீர்கள். கறுவலைத் தாட்ட அன்று என் புறங்கையில் ஒரு கீறல் இருந்தது, அதன் வாய்நீர் அதில் பட்டிருக்கும். பரியாரியாரிடம் போய் வந்த மறுநாள் நான் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய், நாய் கடித்தவர்களுக்குப் போடுகிற ஊசியைப் போட்டுக்கொண்டேன். அந்த நாய் வேறு யாரையும் கடித்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நான்கு தடவை வரச் சொன்னார்கள், ஒரு திகதியும் தவறாமல் நான்கு தடவையும் போனேன். ஊசிக்கு ஒரு சதமும் எடுக்கவில்லை. கச்சானுக்கு மருந்து வாங்கப் போவதாக வீட்டில் சொன்னேன்.

மூன்றாம் தடவை போகும்போது பள்ளிக்கூடம் விடுமுறை. கஜனி சட்டை மாற்றி, தலை வாரி இழுத்து, வேலிப் படலையடியில் வந்து நின்றாள். "நானும் வாறன் பெரியம்மா" என்றாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது, அவளுக்கும் சேர்த்து இடம் இருந்திருக்கும். வேண்டாம், வீட்டில் நில்லு என்றேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. அன்றைக்கு நல்ல மழை. நனைந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று பயந்துதான் விட்டுவிட்டுப் போனேன்.